பாறைத் தூண்டிலும் இழுவைமடியும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சல், முட்டம் பக்கம், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுப் பாறைகளில் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போட்டு மீன் பிடிப்பவர்களையும், இழுவைமடி என்னும் பை போன்ற வலையை இழுத்துச் செல்லும் விசைப்படகுகளையும் ஒரே தட்டில் வைத்து, இருவருமே மீனை அழிக்கிறார்கள் என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இழுவைமடி கடலடியை உரசிக்கொண்டே போகிறது. இறாலுக்கும் கணவாய்க்கும் விட்ட மடியில் குஞ்சு மீன்களும் சேர்ந்தே ஏறுகின்றன. படகில் கொட்டும்போது பெரும்பாலானவை செத்திருக்கும். சந்தைக்கு ஆகாத அவை உலர்ந்து, மீன்தூளாகிக் கோழித் தீவனத்தில் சேர்கின்றன. வளர்ந்திருந்தால் யாருடைய வள்ளத்திலோ (சிறு நாட்டுப்படகிலோ) நல்ல விலைக்கு வந்திருக்க வேண்டிய மீன்கள்! விசைப்படகுகள் கரையை ஒட்டிய கடலில் குறிப்பிட்ட தூரத்துக்குள் தொழில் செய்யக் கூடாது என்பது தமிழக விதி. அதை மீறினால் முதலில் வயிறு காய்வது வள்ளக்காரருக்குத்தான்.

தூண்டில் அப்படியல்ல, சிறு மீன் சிக்கினால் உயிரோடு விட்டுவிடலாம். ஆனால் சினை கொண்ட பெரிய மீனைப் படம் எடுப்பதற்காகவே கொல்பவர்களை நான் ஆதரிக்க மாட்டேன். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, மீன்கள் இனம் பெருக்கட்டும் என்று போடும் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அப்போதும் பாறையில் தூண்டில் விழுகிறது.

தூண்டிலையே பிழைப்பாகக் கொண்ட தூத்தூர் ஆழ்கடல் மீனவர்களை இந்தச் சண்டையில் இழுக்கவே கூடாது.

முதலில் இறுக்கிப் பிடிக்க வேண்டியது மடியைத்தான். அதோடு, கேரளத்தில் சாளைக்கு (மத்தி மீனுக்கு) 10 சென்டிமீட்டர் என்று இருப்பதுபோல் இங்கும் மீனுக்கு மீன் குறைந்தபட்ச அளவு வகுத்து, இரு தரப்புக்கும் பொதுவாக்க வேண்டும்.