மூன்று ஜப்பானிய கேம்கள், மூன்று விதமான கடவுள்

ஃபைனல் ஃபேன்டஸி கேம்களில் 'சிவா' என்று அழைத்தால் வருவது ஒரு பனிப்பெண். எதிரி மேல் பனியைக் கொட்டிவிட்டு மறைந்துவிடுவாள். ஜப்பானிய கேம்களில் மதக் குறியீடு என்றாலே இவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள்: எங்கிருந்தோ எடுத்த ஒரு பெயர், அதற்குப் பொருந்தாத ஓர் உருவம். அதைத் தாண்டி வெகுதூரம் போன கேம்கள் இருக்கின்றன. அவற்றில் மூன்றை எடுத்துக்கொள்கிறேன்: ஜெனோகியர்ஸ் (1998), ஷின் மெகாமி டென்செய் 3: நாக்டர்ன் (2003), டிஜிட்டல் டெவில் சாகா (2004, 2005). கதை முடிச்சுகள் சில அவிழும். இனிமேல்தான் விளையாடப் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் அளவுகோல் ஒன்றுதான். குறியீட்டைப் பற்றிக் கதாபாத்திரங்கள் பேசிக்கொண்டு மட்டும் இருக்கிறார்களா, அல்லது விளையாடுகிறவர் கையால் அது நடக்கிறதா?

ஜெனோகியர்ஸ் படித்தவர்கள் எழுதிய கேம். டெட்சுயா டகாஹாஷியும் கவோரி டனாகாவும் ஃபைனல் ஃபேன்டஸி 7-க்காக முன்வைத்த யோசனைதான் பிறகு தனி கேமாக வளர்ந்தது. யூத மறைஞான மரபான கபாலாவின் மூலநூல் ஜோஹார். இங்கே அது வற்றாத ஆற்றல் தரும் ஓர் இயந்திரத்தின் பெயர். டேயஸ் என்ற 'கடவுள்' உண்மையில் ஒரு போர்க்கருவி. சிதைந்துபோன தன்னைச் சரிசெய்துகொள்ளத் தேவையான உதிரிப்பாகங்களாகவே அது மனிதர்களை உண்டாக்கியது. உலகைப் படைத்தவன் உண்மையான பரம்பொருள் அல்ல என்று சொன்ன பழைய ஞானவாதக் கிறித்தவக் கருத்தின் நேரடி வாரிசு இது.

நிசான் நகரத் தேவாலயம்தான் இந்த கேமின் உச்சம் என்பேன். அங்கே எதிரெதிரே இரண்டு தேவதைச் சிலைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சிறகு. ஒன்றைவிட்டு ஒன்றால் பறக்க முடியாது. கடவுள் மனிதனைக் குறையில்லாமல் படைத்திருந்தால் யாரும் யாருக்கும் துணை நிற்கமாட்டார்கள், அதனால்தான் இந்தக் குறை என்று அதற்கு விளக்கம் வருகிறது. கதைநாயகன் ஃபேய், எல்லி இருவரின் கதையும் அந்தச் சிலைகளில் அடங்கியிருக்கிறது.

ஆனால் சண்டை தொடங்கியதும் இதெல்லாம் ஒதுங்கிவிடும். பட்டன்களை வரிசையாக அழுத்தி அடிக்கிறோம், அந்த அடியில் கபாலாவும் இல்லை, ஞானவாதமும் இல்லை. இரண்டாம் டிஸ்க்கில் நிலைமை இன்னும் மோசம்: நாற்காலியில் உட்கார்ந்து கதாபாத்திரங்கள் கதை சொல்ல, நாம் வாசித்துக்கொண்டே போகிறோம்.

நாக்டர்ன் பேசுவது மிகக் குறைவு. உலகம் அழிந்து, டோக்கியோ ஒரு கோளத்தின் உட்புறமாகச் சுருண்டுகிடக்கிறது. நடுவில் ஒளிர்வது ககுட்சுச்சி. ஷின்டோ மரபில் பிறக்கும்போதே தாய் இசனாமியைச் சுட்டுக் கொன்ற நெருப்புக் கடவுளின் பெயர் அது. நிலவைப் போல வளர்ந்து தேயும். இந்த கேமில் எதிரே வரும் பேய்களைப் பேசித் துணைக்குச் சேர்க்கலாம். ககுட்சுச்சி முழுமை அடைந்திருக்கும்போது அப்படிப் பேச்சுவார்த்தைக்குப் போனால் உளறலைத் தவிர ஒன்றும் கிடைக்காது. விளையாடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே, எதையும் செய்யும்முன் திரையின் மூலையில் பிறை பார்க்கும் பழக்கம் வந்துவிடும். ஒரு பஞ்சாங்க ஒழுங்கை இப்படிப் பழக்கமாகவே மாற்றிய வேறு கேம் எனக்குத் தெரியாது.

நம் கடவுள்களும் இதில் பேய்ப் பட்டியலில்தான் வருகிறார்கள் என்று சிலருக்கு வருத்தம். அந்தப் பட்டியலில் எல்லா மதத்தாரும் இருக்கிறார்கள், யாரையும் தனியாகத் தாழ்த்தவில்லை. இரண்டு பேய்களை இணைத்துப் புதிதாக ஒன்றை உருவாக்குவது இந்த கேமின் வழக்கம். சிவனை வரவழைக்கப் பாலித் தீவின் காவல் மிருகமான பரோங்கையும் சூனியக்காரி ரங்டாவையும் இணைக்க வேண்டும். கண்டபடி கலந்ததாகத் தோன்றும், ஆனால் அப்படியில்லை. பாலியில் இவ்விருவரின் மோதலுக்கு முடிவே கிடையாது. ரங்டாவைத் துர்க்கையோடு சேர்த்துப் பார்ப்பதும் அங்கே உண்டு. முடியாத பகை ஒன்றாகும் இடத்தில் சிவனை வைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

இனி டிஜிட்டல் டெவில் சாகா. என் ஓட்டு இதற்குத்தான்.

ஜங்க்யார்டு என்ற இடத்தில் ஆறு கூட்டங்கள் மோதிக்கொள்கின்றன, வெல்பவர்களுக்கு நிர்வாணம் என்ற சொர்க்கம். நாயகர்களின் தளத்துக்குப் பெயர் மூலாதாரம், கர்ம ஆலயம் நிற்கும் இடம் சகஸ்ராரம். நம் சித்தர்கள் உடம்புக்குள் கண்ட ஏணியை இங்கே ஊராக நடந்து கடக்கிறோம். திடீரென எல்லோர் உடலிலும் 'ஆத்மா' என்ற முத்திரை விழுகிறது. நாயகர்களில் ஹீட் அக்னியாகிறான், கேல் வாயுவாகிறான், ஆர்ஜிலா பிருதிவியாகிறாள். கூடவே ஒரு பசியும் வருகிறது: தோற்றவரை உண்டே ஆக வேண்டும். உண்ண மறுக்கும் ஜினானா, இன்னொரு கூட்டத்தின் தலைவி, பசியில் வெறிபிடித்து, வைகறைத் தேவி உஷஸின் உருவில் கட்டுக்கடங்காமல் போய்விடுகிறாள்.

இது கதையோடு நிற்கவில்லை. கர்ம முனையம் என்ற இடத்தில் காசு கொடுத்து ஒரு மந்திரத்தை, அதாவது புதிய சண்டைத் திறன்களை, எடுக்க வேண்டும். எதிரியைச் சாதாரணமாகக் கொன்றால் அது மெதுவாகத்தான் சித்திக்கும், விழுங்கினால் விரைவாகச் சித்திக்கும். விழுங்கினால் வயிற்றுவலியும் வரலாம், தீரும்வரை பலன் ஏதும் சேராது. பலம் வேண்டும் என்று நாமே தேடிப்போய்த் தின்னத் தொடங்குகிறோம். ஆர்ஜிலா அழுது மறுத்ததை நம் விரல் ஆசையோடு செய்கிறது. நானே உணவு, உணவை உண்பவனும் நானே என்று தைத்திரீய உபநிடதம் சொல்வதை விளையாட்டு விதியாகவே எழுதிவிட்டார்கள். ஜெனோகியர்ஸுக்கு எட்டாதது இதுதான்.

குறையும் உண்டு. சண்டைகள் அடிக்கடி குறுக்கிடும், இருண்ட தாழ்வாரங்கள் ஒன்றைப்போல ஒன்று இருக்கும். நிசான் சிலைகளைப் போல நெஞ்சில் நிற்கும் ஓர் இடம் முதல் பாகத்தில் இல்லை.

இன்றைக்கு எளிதில் கிடைப்பது நாக்டர்ன் மட்டுமே. 2021-ல் அதன் மெருகேற்றிய பதிப்பு பிஎஸ்4, ஸ்விட்ச், கணினி மூன்றுக்கும் உலகெங்கும் வந்தது. மற்ற இரண்டுக்கும் பழைய பிளேஸ்டேஷன்களைத் தேட வேண்டியிருக்கும். டிஜிட்டல் டெவில் சாகாவைத் தேடினால் இரண்டு பாகத்தையும் சேர்த்தே வாங்குங்கள். முதல் பாகம் கதையின் நடுவிலேயே நின்றுவிடும். ஹீட் விருத்திரனாக மாறுவது, ஆணும் பெண்ணும் ஓருடலாவது, சூரியனுக்குள் போய்ப் பிரம்மத்தின் எதிரே நிற்பது எல்லாம் இரண்டாவதில்தான்.