சந்தாவை ரத்து செய்யும்போது பட்டனின் நிறத்தை நம்பாதீர்கள்

போட்டோக்களைச் சேமித்து வைக்கும் ஒரு ஆப்பில், இலவசக் காலம் முடிவதற்கு முன்பே சந்தாவை ரத்து செய்தேன், அதாவது ரத்தாகிவிட்டது என்று அந்தத் திரை என்னை நம்ப வைத்தது. அப்புறம் பார்த்தால் ஒரு வருடச் சந்தா முழுசாக கார்டிலிருந்து போயிருக்கிறது. கேட்டதற்கு, "உங்களிடமிருந்து ரத்துக் கோரிக்கை எதுவும் வரவில்லை" என்று பதில்.

நடந்தது இதுதான். ஏன் போகிறீர்கள், எது பிடிக்கவில்லை என்று பக்கம் பக்கமாகக் கேள்வி வரும், ஒவ்வொன்றிலும் கீழே வலது பக்கம் பெரிய நீலப் பட்டன், அதை அழுத்தினால்தான் அடுத்த பக்கம். விரல் அந்த இடத்துக்குப் பழகிவிடும். கடைசிப் பக்கத்திலும் அதே இடம், அதே நீலம், ஆனால் அதில் இருப்பது 'சலுகைகளை வைத்துக்கொள்கிறேன்'. அழுத்தியதும் "நன்றி, உங்கள் விருப்பம் பதிவாகிவிட்டது" என்று பச்சை டிக் வேறு! உண்மையான ரத்து எங்கே என்றால், மேலே ஒரு மூலையில், வெள்ளையில் வெளிர் சாம்பலாக, பட்டன் என்றே தெரியாத பொடி எழுத்தில்: 'என் நினைவுகள் போனாலும் பரவாயில்லை'.

இது தற்செயல் என்று யாராவது சொன்னால் நம்பமாட்டேன். இலக்கு பெரிதாக, பக்கத்தில் இருந்தால் கை சீக்கிரம் போய்ச் சேரும், சின்னதாக, தள்ளி இருந்தால் நேரமாகும் என்று பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954-லேயே அளந்து காட்டிவிட்டார், திரை வடிவமைப்பு படிக்கிறவர்களுக்கு இது ஆரம்பப் பாடம். நமக்கு உதவ வேண்டிய அந்த விதியை இங்கே தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்சத்தில் 4.5:1 வேறுபாடாவது வேண்டும் என்கிறது இணைய அணுகல்தன்மை வழிகாட்டி, அந்தச் சாம்பல் எழுத்து அதற்குக் கிட்டவே வரவில்லை. கிடைப்பதைவிட இழப்பதுதான் மனிதருக்கு அதிகம் உறைக்கும் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-ல் எழுதியது எதற்குப் பயன்படுகிறது பாருங்கள், 'நினைவுகள் போனாலும்' என்று மிரட்ட! இந்த மாதிரித் தந்திரங்களுக்கு ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 2010-ல் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. ஆப் ஸ்டோர் வழியாகப் பணம் கட்டியிருந்தால் ஸ்டோரின் சந்தாப் பட்டியலிலேயே நேராக ரத்து செய்யுங்கள், இவர்களுடைய பக்கங்களுக்குள் போகவே வேண்டாம். இணையதளத்தில் கட்டியிருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், 'ரத்து செய்யப்பட்டது' என்று மெயில் வரும்வரை விடாதீர்கள். என்னிடம் இருந்தது கடைசிப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட் மட்டும்தான், அதை வைத்து வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், பணம் இன்னும் வரவில்லை.