ஆத்தங்குடி டைல்ஸ் ஏத்த எந்த பிக்கப்? போலெரோ மாக்ஸ், யோதா, படா தோஸ்த் மூணையும் பாத்துட்டு எடுத்தவன் சொல்றது

ரெண்டு மாசமா போன் வந்துக்கிட்டே இருக்கு, "அண்ணே புது வண்டி எப்படி ஓடுது, நானும் எடுக்கலாமா"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு மொத்தமா எழுதிப் போட்டுர்றேன். நாங்க ஆத்தங்குடியில டைல்ஸ் பட்டறை வச்சிருக்கோம், அப்பா காலத்துல இருந்து இதான் தொழில். போன தீவாளிக்கு அப்புறம் போலெரோ மாக்ஸ் பிக்கப் எச்டி 2.0 எடுத்தேன். ஏழு மாசம் ஆச்சு, பதினாறாயிரம் கிலோமீட்டர் தாண்டிருச்சு. எடுக்குறதுக்கு முன்னாடி டாடா யோதா 2.0, அசோக் லேலண்ட் படா தோஸ்த் ஐ4 ரெண்டையும் ஓட்டிப் பாத்தேன். முதல்லயே சொல்லிர்றேன், என் மனசு போலெரோ பக்கம்தான், ஏன்னு கீழ சொல்றேன், உங்க தொழில் வேறன்னா உங்க முடிவும் வேறயா இருக்கலாம்.

எங்க சரக்கு என்னன்னு தெரிஞ்சாத்தான் மத்தது புரியும். ஆத்தங்குடி கல்லு சூளைக்குப் போகாது. கண்ணாடி மேல அச்ச வச்சு கலர் சிமெண்ட ஊத்தி, அது மேல காஞ்ச சிமெண்டும் மணலும் தூவி, அதுக்கும் மேல கலவை போட்டு எடுத்து தண்ணித் தொட்டியில ஊறப் போட்டு காய வைக்கிறது. சுடாத கல்லுங்கிறதால குலுக்கல்ல மூலை சட்டுன்னு பேந்துரும். வண்டியில படுக்க வைக்கவே கூடாது, நிறுத்தி வச்சு முகத்தோட முகம் பாக்குற மாதிரி அடுக்கி நடுவுல வைக்கோல் திணிக்கணும். எடை எங்க பட்டறைக் கணக்குல சதுர அடிக்கு நாலு கிலோ. ஒரு சாதாரண ஹாலும் வளவும் (முற்றத்தச் சுத்தி இருக்கிற இடம்) சேந்தா 500 சதுர அடி ஈசியா வந்துரும், அதுவே 2 டன். 1.3 டன் வண்டின்னா 325 அடிதான் ஒரு நடைக்கு, 1.7 டன்னுன்னா 425, அப்ப மிச்சம் 75 அடிக்கு இன்னொரு நடை டீசல் போட்டு இன்னொரு நாள் ஆள் கூலி குடுத்துப் போகணும்.

"அதெல்லாம் எல்லாரும் ஏத்துறதுதான், பாத்துக்கலாம்"னு சொல்லுவாங்க. மோட்டார் வாகனச் சட்டத்துல 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபா, அதுக்கு மேல கூடுதலா இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒரு தடவை மாட்டுனா அந்த மாச லாபம் போச்சு. அதனால பேப்பர்லயே 2 டன்னுக்கு பக்கத்துல இருக்கிற வண்டிய மட்டும்தான் பாக்குறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் ஷோரூமுக்கே போனேன்.

மூணையும் சுருக்கமா சொல்லிர்றேன். போலெரோ பிக்கப்ப மஹிந்திரா 2023 ஏப்ரல்ல மொத்தமா மாத்தி புது மாக்ஸ் வரிசையா இறக்குச்சு, முன்முகம், டேஷ்போர்டு, சீட்டு எல்லாம் புதுசு, டிரைவர் சீட்ட உயரம் ஏத்தி எறக்கிக்கலாம், போன்லயே வண்டி எங்க நிக்குதுன்னு பாக்குற வசதியும் குடுத்திருக்காங்க. எச்டி, சிட்டின்னு ரெண்டு வரிசை, எடை 1.3 டன்ல இருந்து 2 டன் வரைக்கும். நான் எடுத்தது 2 டன், பத்தடி தொட்டி, 2.5 லிட்டர் டீசல், 80 எச்பி, 220 என்எம் (அதாவது இழுவை). யோதா 2.0 வந்தது 2022 செப்டம்பர்ல, அதுவும் 2 டன், இஞ்சின் 2.2 லிட்டர்தான் ஆனா 100 எச்பி, 250 என்எம். படா தோஸ்த் 2020ல வந்தது, ஐ4 மாடல் 1.8 டன் சொச்சம், 1.5 லிட்டர் மூணு சிலிண்டர், 80 எச்பி, 190 என்எம். இசுசு வி-கிராஸ் பத்தியும் ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க, அது குடும்பத்தோட போறதுக்கு அருமையான வண்டி, ஆனா டைல்ஸ் ஏத்துறவனுக்கு அந்தக் காசு திரும்ப வராது, அதனால அத இதுல சேக்கல.

பேப்பர மட்டும் பாத்தா யோதாதான் ஜெயிக்கணும். ஓட்டுனாலும் அப்படித்தான் இருந்துச்சு, இழுவை நல்லாவே தெரியுது. அப்புறம் ஏன் போலெரோன்னா, அதுக்கு எங்க பழைய வண்டி கதைய சொல்லணும்.

பழைய வண்டி எந்தக் கம்பெனின்னு வேண்டாம். பி.எஸ்.6 (புதுப் புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு வந்த) டீசல், நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. தேவகோட்டையில ஒரு ஆச்சி வீட்டுக்கு மூணாவது நடை கல்லு ஏத்திக்கிட்டுப் போறப்ப டேஷ்போர்டுல மஞ்ச லைட்டு வந்துச்சு, அதுக்கப்புறம் ஆக்சிலேட்டர எவ்வளவு மிதிச்சாலும் 40க்கு மேல போகல. உருட்டிக்கிட்டே போய் கல்ல எறக்கிட்டு வந்துட்டோம். சைலன்சர் பக்கத்துல இருக்கிற ஒரு பிரஷர் சென்சார் போயிருச்சாம், உள்ளங்கையில அடங்குற சாமான், ரெண்டு ரப்பர் குழா, ஒரு சாக்கெட்டு, அவ்வளவுதான். அது வர பதினோரு நாளு. காரைக்குடியில இல்ல, மதுரையில இல்ல, "ஆர்டர் போட்டிருக்கு சார்" தான் தெனமும். அந்த ஆச்சி தெனம் சாயங்காலம் போன் போட்டு, "தம்பி, வெள்ளிக்கிழமை பால் காய்ச்சணும், பட்டாலைக்கு (கூடத்துக்கு) மட்டுமாவது கல்லு வந்துருமாப்பா"ன்னு கேப்பாங்க, சத்தம் போட்டிருந்தாக்கூட பரவால்ல, அவங்க அவ்வளவு தன்மையா கேக்குறதக் கேக்க முடியல. கடைசியில வாடகை வண்டி பிடிச்சோம், ஏத்துனவங்களுக்கு கல்ல அடுக்கத் தெரியல, நாப்பது கல்லுக்கு மேல மூலை போயி மறுபடி அச்சு வச்சுக் குடுத்தோம், அதே நீலம் வரணும்னு மூணு தடவை கலர் கலக்குனோம்.

இந்த சென்சார் இப்ப நான் எடுத்த வண்டியிலயும் இருக்கும், யோதாவுலயும் இருக்கும், படா தோஸ்துலயும் இருக்கும். பி.எஸ்.6 டீசல்னாலே கரிய பிடிக்கிற ஃபில்டர் இருக்கு, ஃபில்டர் இருந்தா அத கண்காணிக்கிற சென்சாரும் இருக்கு, இதுல தப்பிக்க வழி கிடையாது. அதனால எது ரிப்பேரே ஆகாதுன்னு தேடுறத விட்டுட்டேன், ரிப்பேர் ஆனா எது சீக்கிரம் எந்திரிக்கும்னு தேட ஆரம்பிச்சேன்.

எப்படித் தேடுனேன்னா, எங்க மெக்கானிக் அண்ணன உக்கார வச்சு அஞ்சு வருசத்துல ஒரு பிக்கப்புக்கு என்னென்ன போகும்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுத வச்சேன். கிளட்ச் பிளேட்டு, வாட்டர் பம்ப், வீல் பேரிங், கிராஸ் ஜாயிண்டு, டை ராடு எண்டு, டீசல் ஃபில்டர், பின்பக்க மெயின் பட்டை (லோடு தாங்குற ஸ்பிரிங் பட்டை), சென்டர் போல்ட்டு, சைடு கண்ணாடி, ஹெட்லைட்டு, அந்த பிரஷர் சென்சார். அந்தச் சீட்ட எடுத்துக்கிட்டு காரைக்குடியில மூணு ஸ்பேர் கடை, தேவகோட்டையில ஒண்ணு, திருப்பத்தூர்ல ஒண்ணு ஏறி எறங்குனேன். ஒவ்வொரு சாமானையும் மூணு வண்டிக்கும் கேட்டேன், "இருக்கா, இப்பவே குடுப்பீங்களா, இல்ல நாளைக்கா"ன்னு. போலெரோவுக்கு பெரும்பாலும் கையில எடுத்து மேசை மேல வச்சுட்டாங்க. மத்த ரெண்டுக்கும் ஃபில்டர், கிளட்ச், பேரிங் மாதிரி ஓடுற சாமான் இருந்துச்சு, மத்ததுக்கு பாதிக்குப் பாதி "மதுரையில சொன்னா நாளைக்கு பஸ்ஸுல வந்துரும்"னாங்க. சென்சார் மட்டும் அஞ்சு கடையிலயும் எந்த வண்டிக்கும் இல்ல, போலெரோவுக்கும் இல்ல, அத மறைக்கல. அதுக்கு கம்பெனி சர்வீஸ் சென்டர்தான் கதி.

இதுக்குக் காரணம் ரொம்ப எளிசு. எங்க பக்கம் மீன் ஏத்துறவர், வாழைத்தார் ஏத்துறவர், பந்தல்காரர், சமையல் கான்ட்ராக்ட் எடுக்குறவர்னு எல்லார்கிட்டயும் பழைய போலெரோ பிக்கப்தான் நிக்குது. புது மாடல்ல முகத்தையும் கேபினையும் மாத்துனாங்களே தவிர அடியில சட்டம், பின்பக்க பட்டை, இஞ்சின் ஜாதி எல்லாம் அந்த வழியில வந்ததுதான். அதனால இந்த வண்டி தெரிஞ்ச மெக்கானிக் ஊருக்கு ஒருத்தராவது இருக்காரு, கானாடுகாத்தான் பக்கம் ராத்திரி எட்டு மணிக்கு நின்னாலும் வந்து பாக்க ஆளு இருக்கு. ஹெட்லைட்டு, பம்பர், டேஷ்போர்டு சாமான் புதுசுங்கிறதால அதுக்கு பழைய வண்டிப் பார்ட்டு பொருந்தாது, கடைக்காரர்கிட்ட "மாக்ஸ்"னு அழுத்திச் சொல்லி வாங்குங்க.

அப்பா கேட்டாரு, "ஒரு நாள் லேட்டாத்தானேடா வரும், அதுக்காகவா பவர் கம்மியா இருக்கிறத எடுக்குற"ன்னு. நான் கணக்குப் போட்டுக் காமிச்சேன். வண்டி நிக்குற ஒரு நாள்ல டிரைவர் சம்பளம் போகுது, டியூ ஓடுது, வாடகை வண்டிக்கு தனிக் காசு, கல்லு உடையுறது தனி. இதெல்லாம் சேத்தா வருசத்துல நாலு நாள் நின்னாலே பவர் கூட இருக்கிறதுல கிடைக்கிற லாபம் கரைஞ்சுருது. எங்க தொழில்ல முகூர்த்த நாள் பாத்துத்தான் கல்லு கேப்பாங்க, முகூர்த்தம் நமக்காக தள்ளிப் போகாது. அவரும் அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லல.

மறு விற்பனை பத்தி நெறைய பேர் கேக்குறாங்க. புரோக்கருங்க போலெரோன்னா உடனே கை நீட்டுறாங்க, அது உண்மை. ஆனா மாக்ஸ் பழசாகி விலைக்கு வர்றது இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு, அதனால பழைய மாடலுக்குக் கிடைச்ச விலை இதுக்கும் கிடைக்கும்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது.

இப்ப யோதாவுக்கு நியாயமா பேசணும். கொடைக்கானல், ஏற்காடு பக்கம் ரிசார்ட்டுக்கு அடிக்கடி சரக்கு போறவங்க கண்ண மூடிக்கிட்டு யோதா பாருங்க. மலையில 2 டன்ன வச்சுக்கிட்டு ஏறுறப்ப 220க்கும் 250க்கும் வித்தியாசம் காலுலயே தெரியும். நான் வருசத்துக்கு ரெண்டு தடவ மலை ஏறுனா பெரிசு, செட்டிநாடு பூரா தட்டைத் தரைதான், அதனால எனக்கு அது வேண்டியிருக்கல. மதுரையில கடையோ குடோனோ வச்சிருக்கவங்களுக்கு ஸ்பேர் பிரச்சனையும் பெருசா இருக்காது. அந்த வரிசையில 4x4 கூட இருக்கு, செம்மண் தோப்புக்குள்ள மழையில போறவங்க அதக் கேட்டுப் பாருங்க.

படா தோஸ்துக்கு பானெட்டு நீட்டாது, அதே தொட்டிக்கு வண்டி நீளம் கம்மி, திருப்புறது சுலபம். எங்க ஊரு வீடுங்க ஒரு தெருவுல வாசல், அடுத்த தெருவுல கொல்லைன்னு நீளமா இருக்குமா, சரக்க கொல்லைப் பக்கம்தான் எறக்கச் சொல்லுவாங்க. அந்தத் தெருவுல ரிவர்ஸ் எடுக்க படா தோஸ்த் சுகம். தெனம் டவுனுக்குள்ள அஞ்சாறு எடத்துல எறக்குறவங்களுக்கு, அதாவது மளிகை, தண்ணி கேன், பர்னிச்சர், நான் அதத்தான் சொல்லுவேன். நெறய தூரம் ஓட்டிப் பாக்கல, காரைக்குடியில இருந்து கோட்டையூர் போயிட்டு வந்ததோட சரி.

ஒரு முக்கியமான விசயம், 2 டன் வண்டி எல்லாருக்கும் இல்ல. பட்டை கெட்டியா இருக்கும், கால் லோடு ஏத்துனா தூக்கித் தூக்கிப் போடும். 500 கிலோ சரக்கு போடுறப்பதான் கல்லு அதிகமா பேந்துருது, முழு லோடுல வண்டி அமுங்கி அலுங்காமப் போகுது. இப்ப நாங்க கம்மி லோடுன்னா கல்ல பின் ஆக்சிலுக்குப் பின்னாடி வைக்கிறதே இல்ல, கேபின் பக்கமா ஒட்டி அடுக்கி, தரையில வைக்கோலுக்குக் கீழ பழைய மெத்தைய விரிச்சுர்றோம். சேலை, பலகாரம், கேட்டரிங் சாமான்னு எடை கம்மியா ஏத்துறவங்க 2.0 எடுத்து முதுகு வலிய வாங்காதீங்க, சிட்டி வரிசை 1.3 போதும்.

அந்த கரி ஃபில்டர் பத்தி ஒண்ணு. எந்த டீசல் எடுத்தாலும் ஆத்தங்குடிக்கும் காரைக்குடிக்கும் மட்டுமே ஓட்டிக்கிட்டு இருந்தா சைலன்சர் சூடேறவே ஏறாது, கரி அடைச்சுக்கும். வாரத்துல ஒரு நாளாவது மேலூர் ரோட்டுல அரை மணி நேரம் ஒரே வேகத்துல விடுங்க, அந்தச் சூட்டுல கரி தானா எரிஞ்சுரும். ஃபில்டர் லைட்டு வந்தப்புறம் சாவிய ஆஃப் பண்ணிட்டுப் போயிராதீங்க.

விலை ஊருக்கு ஊரு மாறுது, 2025 செப்டம்பர் 22ல இருந்து சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 28லருந்து 18 ஆயிருச்சு, பழைய கொட்டேசன் வச்சிருந்தா கிழிச்சுப் போட்டுட்டு புதுசா வாங்குங்க. லைசென்சு பத்திக் கேட்டவங்களுக்கு, 7,500 கிலோவுக்குள்ள இருக்கிற சரக்கு வண்டிய சாதா எல்எம்வி லைசென்சுலயே ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. எஃப்சி முதல் எட்டு வருசத்துக்கு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா.

பட்டை எத்தனை வருசம் தாங்கும்னு இப்ப சொல்ல முடியாது, ஏழு மாசம் பத்தாது. மாசம் ஒண்ணாந்தேதி டிரைவர் அடியில படுத்து சென்டர் போல்ட்டையும் யூ போல்ட்டையும் ஸ்பேனர் வச்சு டைட் பாக்குறாரு, போன மாசம் வலது பக்கம் கால் சுத்து ஏறுச்சு. முழு லோடு ஏத்துறவங்க வண்டி எடுத்த முதல் மாசத்துலயே இதப் பாத்துருங்க, சர்வீஸ் வர்ற வரைக்கும் விட்டு வைக்காதீங்க.