பெயரை இரண்டாக வெட்டும் கருவியோடு இரண்டு வருடம்

சந்தூரில் மாங்கன்று நர்சரி நடத்தும் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான். "அண்ணா, கஸ்டமர் விவரத்தை எல்லா ஆப்புக்கும் தானா அனுப்புற ஒண்ணு வச்சிருக்கீங்களே, அதையே நானும் வாங்கிடட்டுமா?" வாங்கு என்றும் சொல்ல வரவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை. முந்தின நாள்தான் அதே கருவிக்கு மூன்றாம் வருடப் பணம் கட்டியிருந்தேன்.

எனக்குத் தர்மபுரியில் சொட்டுநீர்ச் சாமானும் மோட்டார் பம்பும் விற்கும் கடை, பாலக்கோட்டில் ஒரு கிளை. விசாரிப்பெல்லாம் வாடிக்கையாளர் விவரம் வைக்கும் சிஆர்எம் மென்பொருளில் இருக்கும், பில் டாலி என்ற கணக்கு மென்பொருளில். ஊர் ஊராகப் போகும் பையன்கள் ஆன்லைன் ஃபார்மில் எழுதுவார்கள், விவசாயிக்குச் செய்தி வாட்ஸ்ஆப்பில் போகும். இந்த நான்கையும் கோத்து வைப்பதுதான் அந்தக் கருவியின் வேலை. அதன் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை.

கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் பக்கத்தில் ஆளுக்கு ஒரு பெயர், அதோடு அப்பா பெயரின் முதலெழுத்து. மாதையன், மாது, முனியப்பன், அவ்வளவுதான். சிஆர்எம்-முக்கு அது போதாது. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும், கடைசிப் பெயர் இல்லாமல் பதிவே ஏறாது. உலகம் முழுக்க ஓடும் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சிஆர்எம்-மிலும் ஒருவரைச் சேமிக்கக் கட்டாயமாகக் கேட்பது கடைசிப் பெயரைத்தான். ஃபார்மில் பெயருக்கு இருப்பது ஒரே கட்டம். இணைப்புக் கருவி அதை எடுத்து, இடைவெளி இருக்கும் இடத்தில் வெட்டி, கட்டத்துக்கு ஒரு துண்டாகப் போட்டுவிடும். 'மாதையன் எம்' என்று ஒரு பையன் எழுதினால் கடைசிப் பெயர் 'எம்'. 'எம். மாதையன்' என்று இன்னொருவன் எழுதினால் முதல் பெயர் 'எம்'. செய்தியில் எந்தத் துண்டைப் போட்டாலும் யாரோ ஒருவர் வெறும் எழுத்தாகிவிடுவார்.

ஒருநாள் காரிமங்கலம் பக்கத்துப் பெரியவர் கடைக்கு வந்து போனை நீட்டினார். 'வணக்கம் எம், உங்கள் மானிய விண்ணப்பம்...' என்று தொடங்கியது செய்தி. "உங்க அப்பா காலத்துல இருந்து இங்கதான் வாங்கறேன். எம்முன்னா யாருப்பா?" சத்தம் போடவில்லை. கேட்டுவிட்டு அப்படியே நின்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலெழுத்தே எழுதாதவர் விஷயத்தில் வேறு தொல்லை. கடைசிப் பெயர் காலி என்று பதிவு திரும்பி வரும். கடைப் பையன் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்து அனுப்பப் பழகினான், ஏறிவிட்டது. ஆனால் 'ஆள் ஏற்கெனவே இருந்தால் எடு, இல்லாவிட்டால் சேர்' என்று கருவியில் நான் வைத்திருந்த வேலைப்படி, ஆளைத் தேடியது கடைசிப் பெயரை வைத்து. புள்ளியைத் தேடப் போய், முதலில் எந்தப் புள்ளி கிடைத்ததோ அந்த ஆளின் கணக்கில் ஒட்டிக்கொண்டது. பென்னாகரத்துக்காரர் கேட்ட 5 ஹெச்பி மோட்டார் அரூர்க்காரர் கணக்கில் கிடந்தது. கண்டுபிடிக்க நான்கு நாள் ஆயிற்று. அதற்குள் அவர் வேறு கடையில் வாங்கிவிட்டார்.

சரி, போன் நம்பரை வைத்துத் தேடலாம் என்று மாறினேன். ஒருவர் +91 போடுகிறார், ஒருவர் முன்னால் பூஜ்யம் போடுகிறார், ஒருவர் நடுவில் இடம் விடுகிறார். எண் அல்லாததையெல்லாம் நீக்கிவிட்டு வலப்பக்கம் இருக்கும் 10 இலக்கத்தை மட்டும் எடுக்கச் சொல்லி ஒரு படி வைத்தால் இது தீரும். அந்தப் படி இல்லாமல், ஃபார்மில் எழுதுவது வந்து சேரும் ஷீட்டில் மாற்றினால் சிஆர்எம்-மிலும் சிஆர்எம்-மில் மாற்றினால் ஷீட்டிலும் மாறும்படி அமைத்துவிட்டு ஒரு ராத்திரி தூங்கப் போனேன். சிஆர்எம் +91 சேர்க்கிறது, ஷீட் அந்தக் கூட்டல் குறியை விழுங்குகிறது, மாற்றம் நடந்ததாக எண்ணிக் கருவி திருப்பி அனுப்புகிறது, அங்கே மறுபடி கூட்டல் குறி சேர்கிறது. விடிவதற்குள், கருவி அந்த மாதம் இத்தனை தடவைதான் ஓடலாம் என்ற ஒதுக்கீடு முழுக்கத் தீர்ந்திருந்தது.

நம்பர் மட்டும் போதாது என்று அப்புறம் தெரிந்தது. இங்கே பல வீடுகளில் கொடுப்பது பெங்களூரில் வேலை பார்க்கும் மகனின் நம்பர். அண்ணன் தம்பி இரண்டு பேர் நிலத்துக்கும் அந்த ஒரே நம்பர்தான். சொட்டுநீர் மானியம் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். சிட்டா, அடங்கல் ஆளுக்கு ஆள் வேறு. இரண்டு பேர் பதிவும் ஒன்றாகிவிட்டால் எந்தக் காகிதம் யாருடையது என்று நாங்களே விழிக்க வேண்டியதுதான். கடைசியில் போன் நம்பரோடு நிலத்தின் சர்வே நம்பரையும் சேர்த்து ஒரே அடையாளமாக்கினேன். அதன் பிறகு இரட்டைப் பதிவு வரவில்லை.

பெயருக்கும் வழி கண்டேன். முழுப் பெயரையும் வெட்டாமல் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டு, முதல் பெயரைக் காலியாக விட்டேன். 'கூப்பிடும் பெயர்' என்று தனிக் கட்டம் ஒன்று சேர்த்தேன். பையன்கள் விவசாயியிடமே கேட்டு அதில் எழுதுகிறார்கள். ஆனால் புதிதாக ஒரு ஆப்பை இணைக்கும் ஒவ்வொரு முறையும் கருவி பழைய இரண்டு துண்டோடுதான் வந்து நிற்கிறது. இரண்டு வருடமாக ஒவ்வொரு முறையும் கையால் திருத்துகிறேன்.

இப்போது அதன் நல்ல பக்கம். இதை முழு மனதோடு சொல்கிறேன்.

டாலி கடைக் கணினியில் இருப்பது. வெளியில் ஓடும் கருவி அதை நேராகத் தொட முடியாது. டாலி, கணினிக்குள் 9000 என்ற போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள வாசலில், எக்ஸ்எம்எல் என்ற வடிவத்தில் பேசும். அதைக் கேட்டு வெளியே அனுப்ப அதே கணினியில் ஒரு சின்ன மென்பொருள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கணினி அணைந்தால் எல்லாம் நிற்கும். கோடை மழையில் மரம் விழுந்து ஒன்றரை நாள் கரண்ட் இல்லாமல் போனது. கணக்கர் பழைய நோட்டை எடுத்துத் தூசி தட்டிவிட்டார். கரண்ட் வந்ததும் திறந்து பார்த்தால், ஏறாத 63 பதிவும் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் எந்தப் படியில் நின்றது, எந்த விவரத்தோடு நின்றது என்று தனித்தனியாகக் குறித்திருக்கிறது. 'மறுபடி ஓட்டு' என்று ஒரு பொத்தான். அழுத்தினேன். டீ வருவதற்குள் 63-ம் ஏறிவிட்டன, ஒன்றுகூட இரண்டு தடவை ஏறவில்லை. கணக்கர் நோட்டைத் திரும்ப அலமாரியில் வைத்த அந்தக் காட்சிக்காகவே நான் கட்டிய பணம் தகும்.

விலை விஷயத்தில், தம்பி, தொகையைப் பார்க்கும் முன் எதை எண்ணிக் காசு வாங்குகிறார்கள் என்று பார். இப்படி ஆப்புகளை இணைக்கும் கருவிகளில் ஸேப்பியர், முடிந்த ஒவ்வொரு செயலையும் எண்ணும். முன்பு இன்டெக்ரோமேட் என்று இருந்து 2022-ல் பெயர் மாறிய மேக், ஒவ்வொரு படி ஓடுவதையும் எண்ணும். என்8என் என்ற கருவியை அவர்கள் சர்வரிலேயே ஓட்டும் கிளவுடில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு ஓட்டம் முழுவதும் ஒன்றுதான். ஒரு விசாரிப்பு வந்தால் எனக்கு நான்கு செயல் நடக்கிறது. மாதம் 300 விசாரிப்பு என்றால் ஸேப்பியரில் 1,200, என்8என்-னில் 300. என்8என்-னைச் சொந்த சர்வரில் காசில்லாமலும் ஓட்டலாம். அதைக் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும், உன்னிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. உனக்கு நடவுப் பருவத்தில்தான் ஆர்டர் குவியும். அந்த மாதக் கணக்கை வைத்துத் திட்டத்தைத் தேர்ந்தெடு, வருடச் சராசரியை வைத்து அல்ல.

மாதச் சந்தாவைக் கார்டில் விட்டுவிட்டு மறந்துவிடாதே. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பிடித்தமாகும் கட்டணத்துக்குக் கார்டுக்காரர் முன்கூட்டியே ஒப்புதல் பதிய வேண்டும். எனக்கு அது சரியாகப் பதியாமல் ஒரு மாதம் பணம் போகவில்லை. கருவி சத்தமில்லாமல் நின்றது, மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரே தடவையாகக் கட்டுகிறேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன்: நீ இதை வாங்காதே. இந்த வருடம் வேண்டாம். உன்னிடம் கன்று வாங்குபவர்களில் ஓசூர் தாண்டி வரும் கவுடாவும் உண்டு, குப்பம் பக்கத்து ரெட்டியும் உண்டு. ஒருவர் வீட்டுப் பெயரை முன்னால் எழுதுவார், ஒருவர் பின்னால் எழுதுவார். என் கடையில் எம் ஆனவர் ஒரு பெரியவர். அவர் இப்போதும் வருகிறார், ஆனால் நாங்கள் அனுப்பும் செய்தியைத் திறப்பதில்லை. மானியம் எந்த நிலையில் இருக்கிறது என்று பஸ் ஏறி வந்து நேரில் கேட்டுவிட்டுப் போகிறார்.

உன் ஆர்டர் நோட்டில் எழுதியிருக்கிறபடியே 20 பெயரைப் போட்டோ எடுத்து அனுப்பு. நம்பரை மறைத்துவிடு. என் கணக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அந்த 20-ல் எத்தனை பெயர் முழுசாக வெளியே வருகிறது என்று ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன்.