குறைமாதக் குழந்தையின் தோலுக்குத் தேங்காய் எண்ணெயா, பேபி லோஷனா?

என் மகள் பிறந்தது 32-ஆவது வாரத்தில். வீட்டுக்கு அழைத்து வந்தபோது கணுக்காலிலும் மணிக்கட்டிலும் தோல் வெங்காயச் சருகு போல உரிந்துகொண்டிருந்தது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒன்றாக லோஷன், ஆலிவ் எண்ணெய், பெட்ரோலியம் ஜெல்லி என்று வாங்கி வந்தார்கள். குழந்தை மருத்துவரிடம் கேட்டுவிட்டு நாங்கள் தேர்ந்தெடுத்தது தேங்காய் எண்ணெய். இன்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

பவுடர், சாம்பிராணிப் புகை, வாசனை சோப்பு ஆகியவற்றை இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நுரையீரல் முதிராமல் பிறந்த குழந்தைக்குத் தூளும் புகையும் ஆகவே ஆகாது.

எங்கள் முடிவுக்குக் காரணம் ஒன்றுதான்: தடவுவது உள்ளே போகும். மேல்தோலின் காப்பு அடுக்கு கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் தடிமனாகிறது. அதற்கு முன்பே பிறந்துவிட்டால் உடம்பின் நீரும் சூடும் தோல் வழியாகவே வெளியேறும். வெளியே பூசுவதும் அதே எளிமையோடு உள்ளே இறங்கும். எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் பெரியவர்களைவிட மிக அதிகம். 1972-இல் பிரான்சில், ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக அதிக அளவில் கலந்துவிட்ட பேபி பவுடரால் 36 குழந்தைகள் இறந்தார்கள். அந்த விஷம் தோல் வழியாகவே உள்ளே போனது. இத்தனைக்கும் அது குறைமாதக் குழந்தைகளுக்கு மட்டும் நேர்ந்ததல்ல.

இந்தக் கண்ணோடு லோஷன் பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். முதலில் இருப்பது தண்ணீர். தண்ணீர் இருந்தால் கிருமி வளரும், அதனால் கெடாமலிருக்க ஒரு வேதிப்பொருள் வேண்டும். தண்ணீரும் எண்ணெயும் பிரியாமலிருக்க இன்னொன்று. பெரும்பாலும் வாசனைக்கு வேறொன்று. சுத்தமான தேங்காய் எண்ணெயில் தண்ணீரே இல்லை என்பதால் இவை எதுவும் தேவைப்படுவதில்லை. நிறைமாதக் குழந்தை என்றால் நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன்.

சரி, மற்ற எண்ணெய்கள்? ஆலிவில் ஒலிக் அமிலம் அதிகம்; அது தோலின் கொழுப்பு அடுக்கைத் தளர்த்தக்கூடியது. வட இந்தியாவில் வழக்கமான கடுகு எண்ணெய் இளந்தோலை எரிச்சலூட்டும். தேங்காய் எண்ணெய்க்கு உண்மையான போட்டி சூரியகாந்தி எண்ணெய்தான். டாக்காவில் 33 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு அதைத் தடவிப் பார்த்த ஆய்வில், மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் 41 சதவீதம் குறைந்தன. அந்த அளவில் சூரியகாந்தி ஒரு படி மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது சீக்கிரம் சிக்குவாடை அடித்துவிடும். தேங்காய் எண்ணெய் நாள்பட நிற்கும். எடை குறைந்த குழந்தைகளின் தோலிலிருந்து நீர் வெளியேறுவதை அது குறைப்பதையும் இந்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பெட்ரோலியம் ஜெல்லியை டயப்பர் படும் இடத்தில் மெல்லியதாகப் பூசினேன், நன்றாகவே இருந்தது. உடம்பு முழுக்கப் பூசவில்லை. ஒரு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அந்த வகைக் களிம்பைப் பூசிய அமெரிக்க ஆய்வில், ஒருவகை பாக்டீரியா தொற்று கூடியது.

உலக சுகாதார நிறுவனமும் 2022-இல், குறைமாதக் குழந்தைகளுக்கு எண்ணெய் தடவுவதைப் 'பரிசீலிக்கலாம்' என்ற அளவில்தான் சொன்னது. ஆகவே எண்ணெயை மருந்தாக நினைக்க வேண்டாம்.

வாங்கும்போது வாசனை சேர்த்த தலைமுடி எண்ணெய் வேண்டாம். சின்ன பாட்டிலில் தனியாக வைத்துக்கொண்டு, கழுவிய உள்ளங்கையில் ஊற்றித் தடவுங்கள். பாட்டிலுக்குள் விரல் விடாதீர்கள். பாட்டி கைப்பக்குவத்தில் அழுத்தித் தேய்ப்பதெல்லாம் இந்தத் தோலுக்குத் தாங்காது, மெல்ல ஒற்றினாலே போதும். கோடையில் வேர்க்குரு வந்தபோது எண்ணெயை நிறுத்திவைத்தோம். புண்ணோ வெடிப்போ இருக்கும் இடத்தில் தடவவே இல்லை.

28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளைப் பற்றியோ, குடும்பத்தில் கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல்நோய் இருப்பவர்களைப் பற்றியோ சொல்ல எனக்கு அனுபவம் போதாது. பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்.ஐ.சி.யூ) இருக்கும்வரை எதைத் தடவுவது என்பது மருத்துவர்களின் முடிவு. மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கின் கீழ் வைத்திருக்கும் நாட்களிலும் அவர்களைக் கேட்காமல் எதையும் தடவாதீர்கள்.