1613க்கு பழைய பின் ஆக்சில் வாங்கினேன்: ஒன்பது மாதம் ஓட்டிய பிறகு

என் வண்டி டாடா 1613 லாரி, 2006 மாடல். சாம்ராஜ்நகர் பக்கமிருந்து நாமக்கல் கோழித்தீவன மில்லுக்கு மக்காச்சோளம் ஏற்றுகிறேன். ஓட்டுவதும் நான்தான். போன வருடம் பின்பக்கம் இடது உள் டயர் மட்டும் உள்ஓரமாகத் தேய ஆரம்பித்தது. புது டயர் போட்டேன், நாலு மாதத்தில் அதுவும் அதேபோல் போனது. கடைசியில் பார்த்தால் ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங் வளைந்திருக்கிறது. ஆர்சியில் மொத்த எடை 16,200 கிலோ. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அதை மதித்து ஏற்றியிருக்க வாய்ப்பில்லை.

ஒரு பட்டறையில் சூடு போட்டு நிமிர்த்தி, சக்கரம் மாட்டும் முனையில் இருந்த விரிசலுக்கு வெல்டிங்கும் வைத்துக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் தாங்கியது. வெல்டிங் ஓரத்திலேயே மறுபடி விரிசல். இந்த ஆக்சிலில் ஹவுசிங்குக்குள் ஓடும் ஷாஃப்டின் வேலை சக்கரத்தைச் சுற்றுவது மட்டும்தான். பாரம் முழுக்க ஹவுசிங் முனை வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகிறது. ஷாஃப்ட் உடைந்தால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். முனை முறிந்தால் ஹப்போடு சக்கரமே கழன்று ஓடும். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவையும் லோடோடு இறங்குகிறவன் நான். இனி வெல்டிங் வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தேன்.

புது ஹவுசிங் மட்டும் வாங்கலாம் என்றால், என் பழைய கிரவுனும் (ஆக்சிலுக்குள் ஷாஃப்டைச் சுற்றும் பெரிய பல்சக்கரம்) சத்தம் போட ஆரம்பித்திருந்தது. எல்லாமே புதிதாகப் போட்டால் வண்டியின் விலைக்கே பாதி வந்துவிடும். சரி, கழற்றிய முழு ஆக்சிலாகவே பார்ப்போம் என்று மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு, நாமக்கல்லில் பழைய லாரி உடைக்கும் ஒரு யார்டுக்குப் போனேன். கிளம்பும்போதே அண்ணன் சொன்னார்: "தம்பி, கிரவுனைப் பார்த்து மயங்காதே. முனையைப் பார்."

முதலில் காட்டியது பளபளவென்று கறுப்பு பெயின்ட் அடித்தது. அண்ணன் ஸ்பிரிங் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார். பெயின்டுக்கு அடியில் வெல்டிங் வரி தெரிந்தது. வேண்டாம் என்று நகர்ந்துவிட்டோம். இரண்டாவது பஸ்ஸில் கழற்றியதாம், நல்ல நிலையில்தான் இருந்தது. ஆனால் டேப் வைத்து அளந்தால் ஸ்பிரிங் மேடைகளின் இடைவெளி என் வண்டியோடு சேரவில்லை. "வெட்டி ஒட்டிக்கலாம்" என்றார் கடைக்காரர். அதைக் கேட்டதும் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மூன்றாவது துருப்பிடித்த சாமான். பெயின்டே இல்லை, அதனாலேயே எனக்குப் பிடித்தது. முனையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, பேரிங் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். எங்கும் படி தட்டவில்லை. முனை நட்டைக் கையாலேயே கடைசி மரை வரை ஏற்ற முடிந்தது. ஆயில் சீல் இருக்கும் இடத்தில் மட்டும் மெல்லிய கோடு. பிறகு புரப்பல்லர் ஷாஃப்ட் மாட்டும் ஃபிளேஞ்சில் சாக்பீஸ் கோடு போட்டு, இரண்டு பக்க ஷாஃப்டையும் ஒன்றாக ஒரு சுற்று சுற்றச் சொன்னேன். ஃபிளேஞ்ச் ஆறு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக வந்து நின்றது. அப்படியென்றால் 7/41, அதாவது சின்னப் பல்சக்கரமான பினியனில் 7 பல், கிரவுனில் 41 பல். என் வண்டியில் இருந்த அதே கிரவுன். 6/41 என்றால் ஏழை நெருங்கியிருக்கும். அது ஏற்றத்துக்கு நல்லது, ஆனால் எனக்கு லோடு இறக்கத்தில்தான் வருகிறது. சமதளத்தில் டீசல் மிச்சமாவதே முக்கியம்.

மூடியைக் கழற்றச் சொல்லவும் கடைக்காரர் முகம் சுளித்தார், ஆனாலும் கழற்றினார். கிரவுனிலும் பினியனிலும் ஒரே நம்பர் வெட்டியிருந்தது. இவை ஜோடியாகவே அரைத்து வருபவை. நம்பர் மாறினால் எவ்வளவு நல்ல பல்லாக இருந்தாலும் ஊளையிடும். அடியில் தேங்கிய ஆயிலைத் தொட்டுப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது, இரும்புத்தூள் மினுக்கவில்லை.

52,000 சொன்னார், 46,000க்கு முடித்தோம். பிறகு லேத்தில் ஹவுசிங்கின் நேர் பார்க்கக் கொடுத்தேன், நேராகவே இருந்தது. சீல், ஹப் பேரிங், யூ போல்ட் எல்லாம் புதிது போட்டேன், ஆயில் ஜிஎல் 5 தரம். ஹவுசிங்கின் காற்றுப்போக்கியான பிரீதர் அடைத்துப் போயிருந்தது, அதையும் மாற்றினோம். அதை விட்டிருந்தால் உள்ளே காற்று அழுத்தி, புது சீல் வழியாகவே ஆயில் பிரேக் லைனிங்குக்கு வந்திருக்கும்.

ஒரு விஷயம் தப்பவிட்டேன். பிரேக் ஷூவை விரிக்கும் கேம் ஷாஃப்டை யார்டில் அசைத்துப் பார்க்கவில்லை. இடது பக்கம் புஷ் தேய்ந்து ஆடியது. பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரை எவ்வளவு இழுத்தாலும் பிரேக் சமமாகப் பிடிக்கவில்லை. இறங்கி, டிரம் கழற்றி, புஷ் போட ஒரு நாள் வாடகை போச்சு. நீங்கள் போனால் அதை முதலில் கையில் பிடித்து ஆட்டுங்கள்.

இப்போது ஒன்பது மாதம், 38,000 கிலோமீட்டர். போன வாரம் பின் டயர் நாலையும் அளந்தேன். உள்டயருக்கும் வெளிடயருக்கும் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கிரவுன் சத்தம் காலி வண்டியில் லேசாகக் கேட்கிறது, லோடு ஏற்றினால் கேட்பதில்லை.