மீட்டர் மாற்ற வந்திருக்கிறேன் என்று ஒருவன் திண்ணையில் உட்கார்ந்தால்

எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். ஓட்டு வீட்டில் அம்மா மட்டும்தான் இருக்கிறார், நான் திருச்சியில். போன மாதம் ஒருவன் அம்மாவிடம் 8,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டான். பணம்கூடப் போகட்டும். அவன் செய்துவிட்டுப் போன வேலை உயிருக்கே உலை வைத்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

ரீடிங் எடுக்க வந்தவர், மீட்டரில் எண்ணே தெரியவில்லை, ஆபீசில் எழுதிக் கொடுக்கிறேன், வந்து மாற்றுவார்கள் என்று சொல்லியிருக்கிறார். போகும்போது, "இந்தப் பலகை செல்லரிச்சுக் கெடக்கும்மா, அதுக்குள்ள புதுசா ஒண்ணு அடிச்சு வைங்க" என்றும் சொன்னாராம். நியாயமான பேச்சுதான். மீட்டர் ஈபிக்காரர்களுடையது. அதைத் தாங்கும் பலகை, அப்புறம் வருகிற மெயின் சுவிட்ச், வயரிங், எர்த் எல்லாம் நம் பொறுப்பு. எங்கள் பலகை 2018 கஜா புயலில் ஓடு பறந்து நனைந்ததிலிருந்தே உப்பிப்போய்க் கிடந்தது.

மூன்றாம் நாள் காலையில் அவன் வந்தான். காக்கிச் சட்டை, பையில் டெஸ்டர், கையில் கட்டிங் பிளேயர். "பெரியம்மா, உங்க மீட்டர் மாத்தணும்னு எழுதியிருக்கு. போர்டும் எர்த்தும் ரெடியா இல்லேன்னா புது மீட்டர் திரும்பிப் போயிடும், அப்புறம் ஆறு மாசம் ஆகும்" என்றவன், சர்வீஸ் நம்பரையும் தாத்தா பெயரையும் மடமடவென்று ஒப்பித்திருக்கிறான். அம்மா அங்கேதான் விழுந்தார். அவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். கடைசியில் பார்த்தால், கரண்ட் கார்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் திண்ணை ஆணியில் நாங்களே தொங்கவிட்டிருக்கிறோம். கடைசி வரியில் 'டிஸ்ப்ளே இல்லை' என்று ரீடிங்காரர் எழுதியதும் அதில் இருக்கிறது. தெருவில் போகிற யாரும் படிக்கலாம்.

சனிக்கிழமை நான் போனபோது அம்மா 'ரசீது' காட்டினார். பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாள். போர்டு 1,800, டிரிப்பர் 2,200, எர்த் 2,500, மீட்டர் டெபாசிட் 2,000. கீழே ஒரு கிறுக்கல்.

பலகையை மட்டும் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே அடித்திருந்தான். 'டிரிப்பர்' என்றது ஷாக் அடித்தால் தானாக விழும் ஆர்சிசிபியை. அந்தப் பெட்டியில் 'டி' என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். கரண்ட் இருக்கும்போது அதை அமுக்கினால் டக்கென்று விழ வேண்டும். இவன் மாட்டியதில் அந்தப் பட்டனே இல்லை. அது வெறும் ஐசோலேட்டர், கையால் போட்டு அணைக்கிற சுவிட்ச். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும், அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை.

எர்த்துக்கு என்று ஒரு பச்சை வயர் சுவரோடு இறங்கி மண்ணுக்குள் போயிருந்தது. பிடித்து இழுத்தேன். நாற்றங்காலில் நாற்று பறிக்கிற மாதிரி கையோடு வந்துவிட்டது. அரை அடி ஆழம்கூட இல்லை. பைப்பும் இல்லை, கரியும் உப்பும் இல்லை, வயர் நுனியைச் சுருட்டிப் புதைத்திருக்கிறான்.

"பல்பு போட்டுக் காட்டினானேப்பா, பளிச்சுனு எரிஞ்சுதே!" என்றார் அம்மா. ஹோல்டரில் ஒரு குண்டு பல்பை மாட்டி, ஒரு வயரை கரண்ட் வருகிற பேஸ் வயரிலும் இன்னொன்றை இந்தப் பச்சை வயரிலும் வைத்து, "எர்த் எவ்வளவு ஸ்ட்ராங்கா இருக்கு பாத்தீங்களா பெரியம்மா" என்று காட்டியிருக்கிறான். மண்ணில் ஒன்றுமே இல்லாமல் பல்பு எப்படி எரியும்? எங்கள் ஊர் வயரிங்காரர் போர்டைத் திறந்தபோது விஷயம் தெரிந்தது. பச்சை வயரை உள்ளுக்குள் நியூட்ரலோடு, அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயரோடு, முறுக்கி விட்டிருந்தான். பல்பு எரிந்தது நியூட்ரலில், எர்த்தில் இல்லை.

இது வெறும் ஏமாற்று வேலை என்று விட்டுவிட முடியாது. வெளியே காற்றில் ஆடி நியூட்ரல் வயர் கழன்றால், ஓடிக்கொண்டிருக்கிற ஃபேன் வழியாகவோ பல்பு வழியாகவோ வருகிற 230 வோல்ட் திரும்பிப் போக வழியில்லாமல் பச்சை வயரில் ஏறி, ஃபிரிட்ஜ், கிரைண்டர் உடம்புக்கெல்லாம் வந்துவிடும். ஈரக் கையோடு மாவு வழிக்கிற அம்மா. இதற்கு மேல் எழுத வேண்டாம்.

திங்கட்கிழமை மீட்டர் மாற்ற நிஜமான ஆட்கள் வந்தார்கள். பலகை மாற்றுவதற்காக அவன் மீட்டரின் சீல் கம்பியை நறுக்கிப் போட்டிருந்ததை முதலில் பார்த்தவர்கள் அவர்கள்தான். சீலை அறுப்பது விளையாட்டுக் காரியமில்லை. 2003 மின்சாரச் சட்டத்தின் 138ஆவது பிரிவில், மீட்டரில் கை வைத்தால் மூன்று ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று இருக்கிறது. அம்மாவுக்குக் கை நடுங்கிவிட்டது. நான் நடந்ததை எல்லாம் எழுதி, அந்த நோட்டுத் தாளின் நகலோடு ஈபி ஆபீஸ் உதவிப் பொறியாளரான ஏ.இ.யிடம் கொடுத்தேன். போலீஸ் ஸ்டேஷனிலும் மனு கொடுத்து ரசீது வாங்கினேன். அந்த மனு ரசீதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் மீட்டர் மாற்றச் சொல்லியிருந்தால், பலகையையும் வயரிங்கையும் தெரிந்த ஆளை வைத்து முன்பே சரிசெய்து வைத்துவிடுங்கள். ஆனால் சீலுக்கு இந்தப் பக்கம் வரைதான் அவர் கை போக வேண்டும். மீட்டரைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் செக்‌ஷன் ஆபீசில் சொல்லி அவர்கள் ஆளை வரவழையுங்கள். பணம் என்று யார் கேட்டாலும் கவுண்டரிலோ இணையத்திலோ கட்டி ரசீது வாங்குகிறேன் என்று சொல்லுங்கள், கையில் கொடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால் ஈபியின் புகார் மையமான மின்னகம் 94987 94987, ராத்திரியிலும் எடுப்பார்கள். எங்களுக்கு இன்னும் சுலபமான வழி இருந்தது: தினமும் எங்கள் தெருவில் போகிற லைன்மேனை ஒரு குரல் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

மாற்றும் நாளில், பழைய மீட்டரில் எண் தெரிந்தால் கழற்றுமுன் ஒரு போட்டோ. புது மீட்டரின் நம்பரையும் தொடக்க ரீடிங்கையும் கார்டில் எழுதச் சொல்லுங்கள். மாட்டியதும் மெயினை அணைத்துப் பாருங்கள், மீட்டரின் சிவப்பு விளக்கு மினுக்குவது நின்றுவிட வேண்டும். எங்களுக்கு நின்றது.

கார்டு இப்போது பீரோவுக்குள் இருக்கிறது. அவன் அவசரத்தில் விட்டுப்போன ஹோல்டரும் குண்டு பல்பும் திண்ணையில்தான் கிடக்கின்றன. தேடிக்கொண்டு வந்தால் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்திருக்கிறார் அம்மா, பக்கத்திலேயே மாட்டுக் கொட்டகைத் தடியையும்.